பெல்ட் மாட்டிட்டியா மாமா?

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை நீதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். இந்த வீட்டில் அந்த மேல் தட்டு வேறு யாருக்கும் எட்டாது. உன் அத்தான் எடுப்பதென்றால் ஸ்டூல் போட வேண்டும், அவர் ஸ்டூலை இழுக்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

நீ கோபித்துக்கொண்டு கிளம்பின மறுநாள் காலை, உன் மருமகள் குருவிக்கு மாத்திரை கொடுக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறிக் கையை விட்டால் வெறும் பலகைதான் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கடை திறக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்று வேறு அட்டை வாங்கி வந்து கொடுத்தேன். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ கத்துவாய், நான் அழுவேன், சுவருக்கு அந்தப் பக்கம் உன் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் எழுதுகிறேன். உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றி வருகிற கம்பெனி வேனில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அதிலேயே பதில் அனுப்பு.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பெத்த புள்ளைக்குப் பைத்தியக்கார மாத்திரை குடுக்குறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்னைச் சொன்னதை நான் துடைத்துப் போட்டுவிடுவேன். சின்ன வயதிலிருந்து உன் வாயை எனக்குத் தெரியும். ஆனால் அவள் கதவோரமாக நின்றிருந்தாள். நீ போன பிறகு என் புடவையைப் பிடித்து, "அம்மா, நான் பைத்தியமா?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

இல்லை என்றேன். மனசுக்குள்ளே பயம் ஓயாமல் கத்துகிறது, அதைக் கொஞ்சம் அடக்கத்தான் மாத்திரை என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உனக்குத்தான் புரியவில்லை. கண் சரியாகத் தெரியாத குழந்தைக்குக் கண்ணாடி மாட்டினால் எங்கள் கடை வாசலில் நின்று யாரும் சண்டை போடுவதில்லை. மனசுக்கு என்று வந்தால் மட்டும் ஊரே நியாயம் பேசுகிறது.

நீ பதில் எழுதுகிற வரைக்கும் அவளுக்குப் போன் செய்யாதே. காரணம் இருக்கிறது.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் எடுத்தேன். அட்டை என் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. திருட்டுப் பட்டம் கட்டுவதென்றால் கட்டு.

அவள் எதிரில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் நின்றது எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், மீதிக்கு இல்லை.

கண்ணாடிக் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றி மேசையில் வைக்கலாம். முழுங்கினதை எப்படிக் கழற்றுவாய்? இங்கே முன்பு ஒரு பெயிண்டர் இருந்தான். தூக்கம் வரவில்லை என்று ஏதோ மாத்திரை போட ஆரம்பித்தான். நன்றாகப் பாடுகிற ஆள், கடைசியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டான். குருவியை அப்படி ஒரு மூலையில் உட்கார்ந்த கோலத்தில் பார்க்க என்னால் ஆகாது.

அவளுக்கு என்ன வியாதி என்று நீ சொன்னதை நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரே கேள்வியைக் கேட்கிறாள். அவ்வளவுதானே? அந்தக் கேள்வி எனக்குத் தெரியாததா? நான்தானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், மாமா ஏறுகிற மின்கம்பி டவர் எவ்வளவு உயரம், இடுப்பு பெல்ட்டில் இரண்டு கொக்கி இருக்கும், ஒன்றைக் கழற்றுவதற்கு முன்னால் இன்னொன்றை மாட்டிவிட வேண்டும் என்று. அன்றையிலிருந்து நான் போன் செய்தால் முதல் வார்த்தை, "பெல்ட் மாட்டிட்டியா மாமா?" நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். "மாட்டிட்டேன், மாட்டிட்டேன், மாட்டிட்டேன்." இரண்டோடு நிறுத்தினால் விடமாட்டாள். இங்கே மேஸ்திரியிலிருந்து சமையல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் இது தெரியும். "என்னடா, உன் சூப்பர்வைசர் பேசிட்டாங்களா?" என்று கேட்பார்கள்.

அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீ உண்டு, உன் வேலை உண்டு. இந்த உலகத்தில் நான் பெல்ட் மாட்டினேனா என்று கேட்கிற ஜீவன் அவள் ஒருத்திதான். பாசத்துக்குப் போய் யாராவது மாத்திரை கொடுப்பார்களா?

உனக்கு வேண்டியது அவள் நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே. போன பிறந்தநாளுக்கு அவளுக்கு என் குரலைப் பதிவு செய்து அனுப்பினேனே, வரிசையாக "மாட்டிட்டேன் குருவி" என்று, எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கட்டும் என்று. என்ன சந்தோஷம் அவளுக்கு. அதே மாதிரி இன்னொன்று, இன்னும் நீளமாகச் செய்து தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை டவர் மேலேயே உட்கார்ந்து பதிவு செய்கிறேன். மாத்திரைக்குப் பதில் அதைக் கொடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 26

தம்பி,

பதிவு செய்யாதே. செய்திருந்தால் அனுப்பாதே. அழித்துவிடு.

இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று நானும் உன் அத்தானும் பேசி வைத்திருந்தோம். உனக்குத் தாங்காது என்றார். நீயே இன்னொன்று அனுப்புகிறேன் என்று நிற்கும்போது எப்படிச் சொல்லாமல் இருப்பது?

பிறந்தநாளுக்கு நீ அனுப்பின பதிவை முதல் வாரம் சாப்பிடும்போது கேட்டாள், படுக்கும்போது கேட்டாள். நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை என்று ஆரம்பித்தது. பிறகு செருப்புப் போடுவதற்கு முன்னால், போட்ட பிறகு. நடுவில் நான் கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து. ஒரு நாள் பள்ளி வண்டி வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. குளியலறைக் கதவைத் தட்டித் திறக்க வைத்தால், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் சீருடையோடு உட்கார்ந்து போனைக் காதில் அழுத்தி வைத்திருக்கிறாள். காது சிவந்து கன்றிப் போயிருந்தது.

"போதும்டி, எத்தனை தடவ கேப்ப?" என்றேன்.

"ஒரு எடத்துல காத்து அடிக்குதும்மா. அந்த எடத்துல மாமா சொன்னது சரியா கேக்கல. அங்க மட்டும் மாட்டலைன்னா?"

எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். நடுவில் ஒரு 'மாட்டிட்டேன்' காற்றில் பாதி போய்விடுகிறது. நீ எங்கேயோ மேட்டில் நின்று பேசியிருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்காது. என் பிள்ளை அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு மாதக்கணக்காக அந்த வாளி மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சரியாகக் கேட்காத நாளில் நீ விழுந்துவிடுவாயாம். விழுந்தால் அது அவள் தப்பாம். இதை அவள் அழாமல் சொன்னாள்.

அப்புறம்தான் குழந்தைகளுக்கான மனநல டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. முதலில் பயிற்சிதான் கொடுத்தார்கள். கேட்கத் தோன்றினால் உடனே கேட்காமல் கொஞ்ச நேரம் தள்ளிப் போட வேண்டும், பயம் ஏறும், தானாகவே இறங்கும், அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் இவளால் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டவே முடியவில்லை. கையைப் பிறாண்டிக்கொண்டாள், வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் சொன்னார், "பயம் இவ்வளவு சத்தமா இருக்கும்போது பயிற்சி அவ காதுல ஏறாது. மாத்திரை சத்தத்தக் குறைக்கும். மத்த வேலைய அவதான் செய்யணும்."

உன் பெயிண்டர் யாரிடம் கேட்டு, என்ன மாத்திரை, எதோடு சேர்த்துப் போட்டான் என்று உனக்கே தெரியாது. இவளுக்குக் கொடுப்பது குழந்தைக்கு என்று அளந்து கொடுக்கிற மருந்து. சின்ன அளவில் ஆரம்பித்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

உன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நீ பாசத்தில் செய்தாய். கேட்கும்போதெல்லாம் நாங்களும்தான் "மாமா மாட்டிட்டாருடி" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம்.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

கடிதம் போன வாரமே வந்துவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் வேனை ஒரு தடவை வெறுமனே அனுப்பிவிட்டேன்.

எங்கே நின்று அதைப் பதிவு செய்தேன் என்று ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேடு. இங்கே சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். காற்று அடித்தது எனக்கே தெரியும் அக்கா. பரவாயில்லை, நிறையச் சொல்லியிருக்கிறோமே, ஒன்று போனால் என்ன என்று விட்டுவிட்டேன். அந்த ஒன்றுக்காகப் பிள்ளை வாளி மேல் உட்கார்ந்திருந்தது என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய பதிவு எதுவும் செய்யவில்லை. செய்ய மாட்டேன்.

மாத்திரை அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒன்று குறையும். திட்டாதே. திட்டுவாய், தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளாகப் பார்த்து அதை நான் முழுங்கிவிட்டேன். குழந்தைக்கு உள்ளே போகிறது என்ன செய்கிறது என்று மாமன்காரன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எச்சில் வழியும், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்துக் கட்டில் ஓரமாகத் துண்டு எல்லாம் எடுத்து வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. வயிறு மட்டும் கொஞ்சம் புரட்டியது. அதுகூடப் பயத்தில் புரட்டியதோ என்னவோ. சாயங்காலம் மேஸ்திரியிடம் உளறிவிட்டேன். அவர் மறுநாளும் என்னை ஏறவிடாமல், கீழே உட்கார்ந்து போல்ட்டு நட்டைப் பிரித்து அடுக்கச் சொல்லிவிட்டார். எல்லாப் பயலும் போகும்போதும் வரும்போதும் "பேஷண்ட் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவள் குருவியாகவே இருக்கிறாளா?

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். எது சொன்னாலும் செய்கிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 15

அட மடையா,

டவர் ஏறிப் பிழைக்கிறவன் ஒரு குழந்தையின் மாத்திரையை எடுத்து முழுங்குவானா? மேஸ்திரி காலில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. இவர் மாத்திரையை அவர், அவர் மாத்திரையை இவர் என்று யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதுவும் ஒரு மாத்திரையில் ஒன்றும் தெரியாதாம், வாரக்கணக்கில் போட்டால்தான் வேலை செய்யுமாம். நீ துண்டு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் படித்துக் காட்டினேன், உன் அத்தான் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது.

நீ கேட்டதற்குப் பதில். மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்கிறேன். முதலில் வயிற்றுவலி வந்தது, தூக்கம் கெட்டது, சும்மா சும்மா எரிந்து விழுந்தாள். அளவு கூட்டும்போதெல்லாம் மனசு ரொம்பச் சோர்கிறதா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிற மாதிரி ஏதாவது பேசுகிறாளா என்று கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டர். பார்த்தோம். நான் தூங்கினதே இல்லை. அப்படி எதுவும் வரவில்லை. வயிற்றுவலியும் போய்விட்டது.

மந்தமாகிவிடுவாள் என்று பயந்தாயே, நேற்று என்னோடு என்ன சண்டை போட்டாள் தெரியுமா? தலைக்கு இந்த ரிப்பன் வேண்டாமாம், அந்த ரிப்பன்தான் வேண்டுமாம். தரையில் காலை உதைத்தாள். நான் திட்டிக்கொண்டே உள்ளே போய் அழுதுவிட்டேன். அவள் ரிப்பனுக்காகச் சண்டை போட்டு எத்தனை மாதமாயிற்று. பயப்படுவதற்கே அவளுக்கு நேரம் போதாமல் இருந்தது. குருவி குருவியாகத்தான் இருக்கிறாள். சொல்லப்போனால் இத்தனை நாள்தான் இல்லை.

இப்போது உன் வேலை. பயிற்சிக்கு ஒரு படம் வரைய வேண்டும், கீழ்ப்படியில் சின்னப் பயம், மேல்படியில் பெரிய பயம். எல்லாப் பிள்ளைகளும் ஏணி வரைவார்களாம். இவள் டவர் வரைந்திருக்கிறாள். கம்பி, குறுக்குக் கம்பி எல்லாம் போட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பயம். முதல் தட்டில் 'ஒரே தடவை கேட்பது'. அதைத் தாண்டிவிட்டாள். அடுத்தது 'பதிவைக் கேட்காமல் பள்ளிக்குப் போவது'. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள். இப்போது நிற்கிற தட்டு, 'மாமா பதில் சொல்ல மாட்டார்'.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவள் கேட்பாள். நீ சொல்ல வேண்டியது இதுதான்: "அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன் குருவி. உன்னால தாங்க முடியும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. மாட்டிவிட்டேன் என்று சொல்லாதே, சிரிக்காதே, ஜாடையாகக்கூடக் காட்டாதே. நீ அப்படித்தான் சொல்வாய் என்று அவளுக்குத் தெரியும், அவளே ஒப்புக்கொண்டதுதான். ஆனாலும் கெஞ்சுவாள். உன்னால் முடியுமா?

அக்கா

*

ஏப்ரல் 7

அக்கா,

அந்த டாக்டர் அம்மாவுக்குக் குழந்தை குட்டி உண்டா என்று கேட்டுச் சொல்.

கோபத்தில் எழுதிவிட்டேன், விடு. நடந்ததைச் சொல்கிறேன். மேட்டில் நின்று போன் செய்தேன். மேஸ்திரி துணைக்கு வந்தார். நான் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். அவள் எடுத்ததும், "மாமா, நான் கேக்கப் போறேன், நீ சொல்லக் கூடாது" என்றாள். தைரியமான குரல்தான். பிறகு கேட்டாள்.

நீ சொன்ன வார்த்தையை அப்படியே ஒப்பித்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "மாமா, ஒரே ஒரு தடவ. மெதுவா சொல்லு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்." அக்கா, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்றால் அது என்ன வைத்தியம்? தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டேன். மேஸ்திரி என் முதுகில் கையை வைத்தபடி நின்றார். அழ ஆரம்பித்தாள். "போ மாமா, நீ கெட்டவன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு ஏறினேன். இரண்டு கொக்கியையும் மாட்டிவிட்டு, மாட்டியிருக்கிறேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வருஷக்கணக்காக ஏறுகிறேன், இப்படி ஆனதில்லை. அவளுக்குத் தினம் தினம் இப்படித்தான் இருந்ததா?

உடனே பதில் போடு. அவள் எப்படி இருக்கிறாள்? என்னிடம் இனிமேல் பேசுவாளா?

தம்பி

*

ஏப்ரல் 12

தம்பி,

முதலில் இதைப் படி, மீதியை அப்புறம் படி. அவள் நன்றாக இருக்கிறாள்.

நீ துண்டைக் கவ்விக்கொண்டு நின்ற நேரத்தில் இங்கே நடந்தது இது. போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்னிடம் வந்து, "நீ சொல்லேன்" என்றாள். நான் சொல்லவில்லை. அப்பாவிடம் போனாள். அவர் பாவம், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி நடித்தார். சோபாவில் குப்புறப் படுத்து அழுதாள். இப்போது கையைப் பிறாண்டுவாள், இப்போது வாந்தி வரும் என்று நான் பக்கெட்டோடு காத்திருந்தேன். போன தடவை அப்படித்தானே ஆயிற்று.

வரவில்லை. அழுகை தேம்பலாகிவிட்டது. தேம்பலும் நின்றது. பயம் எவ்வளவு இருக்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டுவது அவள் வழக்கம். முதலில் தலைக்கு மேலே இருந்த கை, தோளுக்கு வந்தது, பிறகு மடிக்கு வந்துவிட்டது. நீ மாட்டினாயா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில் உயிர் போய் உயிர் வந்தது. ரொட்டிக்கு ஜாம் தடவினேன், தட்டெல்லாம் ஜாம். ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள், "மாத்திரை போடுறதுக்கு முன்னாடி இது எறங்கவே எறங்காதும்மா. இப்ப எறங்குது."

டாக்டருக்கு இரண்டு பிள்ளைகள். விசாரித்தேன்.

உன்னைக் கெட்டவன் என்று சொன்னதற்கு வருத்தப்படுகிறாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நீ பதில் சொல்லக் கூடாதாம், மறந்துபோய்ச் சொல்லிவிட்டால் அவள் ஒரு தட்டு இறங்க வேண்டி வருமாம். கண்டிப்பாக எழுதச் சொன்னாள்.

அக்கா

*

ஜூன் 22

அக்கா,

இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள், நானும் கல்லுளிமங்கனாக நின்றேன். வர வர அழுகை குறைந்தது உனக்கே தெரியும். போன வாரம் கேட்டுவிட்டு அவளே, "ஆங், சொல்ல மாட்டியே" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கு நடந்ததை உடனே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

போன் செய்தேன். ஆடுகிற பல்லைப் பற்றி ஆரம்பித்தாள். அதை யாரும் பிடுங்கக் கூடாதாம், தானாக விழ வேண்டுமாம். பிறகு அத்தான் பஸ்ஸில் ஒரு நாய் ஏறி டிக்கெட் வாங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போன கதை. அதில் பாதி புளுகு என்று நினைக்கிறேன். பிறகு பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு சண்டை, அந்தப் பெண் இவள் ரப்பரைக் கடித்துவிட்டதாம், அதற்கு இவள் என்ன செய்தாள் என்பதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் ம் கொட்டிக்கொண்டே அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். என் வசனம் வாயில் தயாராக இருந்தது. யாரோ வெளியே அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறேன் மாமா, வெளையாடப் போறேன்." வைத்துவிட்டாள்.

கேட்கவில்லை, அக்கா. அடக்கிக்கொண்டு கேட்காமல் இருந்தாள் என்று நினைக்காதே. அடக்கினால் எனக்கு மூச்சிலேயே தெரியும். அவள் மறந்துவிட்டாள்.

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அந்த மேட்டில் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வலித்தது. நான் பெல்ட் மாட்டினேனா என்று கேட்கிற ஒரே ஆள் விளையாடப் போய்விட்டாளே என்று. அடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும் வந்தது. வாளி மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை விளையாடப் போய்விட்டாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அணைந்த போனைப் பார்த்து, "மாட்டிட்டேன் குருவி" என்றேன். ஒரே தடவைதான்.

"யார்கிட்டடா பேசுற?" என்றார் மேஸ்திரி.

"யார்கிட்டயும் இல்ல" என்றேன்.

நீ முன்பு கேட்டாயே, மீதிக்கு மன்னிப்பு எங்கே என்று. கேட்கவில்லையா? கேட்காவிட்டாலும் சரி. மீதிக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். நீ நல்ல அம்மா.

உன் தம்பி

*

ஜூன் 30

தம்பிக்கு,

அவளுக்கு அன்றைக்குத் தான் கேட்கவில்லை என்பதே தெரியாது. நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. எப்போதாவது மறுபடி கேட்பாள். பரீட்சை, காய்ச்சல் என்று வந்தால் பழைய பயம் எட்டிப் பார்க்குமாம், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மாத்திரையை உடனே நிறுத்தப் போவதில்லை. நன்றாக இருக்கும்போதே இன்னும் பல மாதம் தொடர வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இப்போது அவசரம் இல்லை.

இன்னொரு சமாச்சாரம். நேற்று என் பழைய போனை வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு விளையாட்டு ஏற்ற வேண்டுமாம், இடம் இல்லையாம். எதை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து உன் பதிவில் நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"இது ரொம்ப எடம் அடைச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அழித்துவிட்டாள். அழுகை இல்லை, யோசனையும் இல்லை. நீ மேட்டில் நின்று அத்தனை தடவை சொன்ன இடத்தில் இப்போது ஒரு மஞ்சள் வாத்து குதித்துக் குதித்து ஓடுகிறது. உன் அத்தான்கூட விளையாடுகிறார்.

லீவு போட்டுக்கொண்டு வா. நேரில் கத்தலாம், நானும் கத்துகிறேன், அவள் கேட்டால் கேட்கட்டும். மாத்திரை அலமாரியின் அதே மேல் தட்டில்தான் இருக்கிறது. தினமும் காலையில் ஸ்டூல் போட்டு எடுக்கிற சத்தம் தாங்கவில்லை. நீ இருக்கிற நாளில் நீயே எடுத்துக் கொடு.

உன் அக்கா